பவளத் தொட்டியில் பிஎச் ஏன் ஏறி இறங்குகிறது?

காலையில் விளக்கு எரிவதற்கு முன் அளந்தால் 7.8. இரவு விளக்கு அணைவதற்குச் சற்று முன் அளந்தால் 8.2. இடையில் தொட்டிக்குள் யாரும் எதையும் ஊற்றவில்லை. உப்பு மாறவில்லை, கால்சியமும் பெரிதாக மாறவில்லை. வீட்டில் பவளம் வளர்ப்பவர்களில் ஏறக்குறைய எல்லாருமே இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்திருப்பார்கள். புதிதாகத் தொடங்கியவர்கள் காலை எண்ணைப் பார்த்துப் பதறி, பிஎச்சை ஏற்றித் தரும் 'பிஎச் பஃபர்' என்று எழுதிய பாட்டிலைத் தேடுவதும் அப்போதுதான்.

அந்தப் பாட்டில் பெரும்பாலும் தேவைப்படாது என்பது என் கருத்து. பிஎச் நாம் நேரடியாகப் பிடித்து ஏற்றவோ இறக்கவோ கூடிய ஒன்று அல்ல. தண்ணீரின் ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தி, எவ்வளவு, அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு எவ்வளவு என்ற இரண்டும் சேர்ந்து தீர்மானிக்கிற விளைவு அது. இரண்டில் எது பிசகியிருக்கிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் சரிசெய்யப் போனால், ஒழுங்காக இருந்த மற்றொன்றும் கெட்டுப்போகும்.

இரண்டு கைகள் இழுக்கும் எண்

பிஎச் அளவுகோலை 1909இல் உருவாக்கியவர் சோரன் சோரன்சென் என்ற டென்மார்க் வேதியியலாளர். கோபன்ஹேகனில் பீர் ஆலையோடு சேர்ந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் அவர் வேலை பார்த்தார். தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு என்பதைச் சொல்கிற அளவு இது. ஆனால் தலைகீழாக, மடக்கை முறையில் சொல்கிறது: அயனிகள் பத்து மடங்கு கூடினால் எண் ஒன்று இறங்கும். அதனால் சின்ன வித்தியாசம் போலத் தெரிவது உண்மையில் சின்னதல்ல. 8.2இலிருந்து 7.9க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்காகிவிட்டன என்று பொருள். தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த கடல் மேற்பரப்பின் சராசரி இன்று 8.1க்கு வந்திருப்பதைக் கடல் ஆய்வாளர்கள் கவலையோடு பேசுவதற்கும் இதுதான் காரணம்.

கரியமில வாயு தண்ணீரில் கரையும்போது கார்பானிக் அமிலம் உண்டாகிறது. அது ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுத்து பைகார்பனேட்டாகிறது. பைகார்பனேட் இன்னொரு ஹைட்ரஜனையும் விட்டால் கார்பனேட். இந்த மூன்றும் எப்போதும் ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறிக்கொண்டே இருக்கின்றன. பிஎச் 8.1 அளவில் இருக்கும் கடல்நீரில் பெரும்பங்கு, சுமார் பத்தில் ஒன்பது, பைகார்பனேட். மீதியில் ஏறக்குறைய எல்லாமே கார்பனேட். வாயுவாகவே கரைந்து நிற்பது ஒரு சதவீதம் மட்டில்தான். இந்த ஒரு சதவீதம்தான் வீட்டுக்குள் நம்மைப் பாடாய்ப் படுத்துகிறது.

அடுத்தது ஆல்கலினிட்டி. தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதன் அளவு அது. டெஸ்ட் கிட்டில் நாம் செய்வதும் அதைத்தான். தண்ணீரின் பிஎச் 4.5க்குக் கீழே போகிற வரைக்கும் சொட்டுச் சொட்டாக அமிலம் விடுகிறோம், நிறம் மாறியதும் நிறுத்துகிறோம், எத்தனை சொட்டு என்று எண்ணுகிறோம். கடல்நீரில் இந்தத் தாங்கும் சக்தியின் பெரும்பகுதி பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனேட்டிலிருந்தும் வருகிறது. போரேட் கொஞ்சம் சேர்கிறது. அளவைச் சொல்ல மூன்று அலகுகள் புழங்குவதால் குழப்பம் வரும்: லிட்டருக்கு ஒரு மில்லிஈக்விவலென்ட் என்றால் 2.8 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மை டிகிரி), அதுவே கால்சியம் கார்பனேட் கணக்கில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு). இயற்கைக் கடல்நீர் 6.5 முதல் 7 டிகேஎச் வரை. தொட்டிகளில் பெரும்பாலோர் 7 முதல் 9 அல்லது 10 வரை வைத்திருக்கிறார்கள்.

கரியமில வாயுவைத் தண்ணீரில் ஏற்றினாலும் இறக்கினாலும் ஆல்கலினிட்டி மாறாது. பிஎச் மட்டுமே மாறும். இதை மனதில் வைத்துக்கொண்டால் முதல் பத்தியில் சொன்ன புதிர் தானாகவே அவிழும். பவளத்தின் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசியும், பாறையிலும் சம்ப் என்ற துணைத் தொட்டியிலும் இருக்கும் மற்ற பாசிகளும் வெளிச்சத்தில் கரியமில வாயுவை உறிஞ்சுகின்றன. பிஎச் ஏறுகிறது. இருட்டில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது. ஆனால் மீன், பவளம், பாக்டீரியா எல்லாம் இரவு முழுக்க மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். பிஎச் இறங்குகிறது. இயற்கையான பவளத்திட்டுகளின் ஆழமில்லாத குளங்களிலும் இதே நடக்கிறது, சில இடங்களில் தொட்டியைவிட அதிகமாகவே. ஆகவே 0.3, 0.4 ஏற்ற இறக்கம் நோய் அல்ல. பொதுவாக 7.8க்கும் 8.5க்கும் நடுவே எங்கிருந்தாலும் தொட்டி நன்றாக ஓடும்.

வீட்டுக் காற்று

காலையும் மாலையும் மாறுவது சரி, மாலையில்கூட 7.9ஐத் தாண்டவில்லையே என்பவர்களுக்கு: தொட்டியை விடுங்கள், வீட்டைப் பாருங்கள்.

வெளிக்காற்றில் இன்று கரியமில வாயு சுமார் 420 பிபிஎம். ஜன்னல் மூடிய, ஏசி ஓடுகிற, நாலு பேர் உட்கார்ந்திருக்கிற அறையில் அது எளிதாக 1000ஐத் தாண்டும். தொட்டி நீர் எந்தக் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதோடுதான் சமநிலைக்கு வரப் பார்க்கும். ஆல்கலினிட்டி 7 டிகேஎச் அளவில் உள்ள கடல்நீரை வெளிக்காற்றோடு நன்றாகக் கலக்கவிட்டால் 8.1 அளவில் நிற்கும். அதே நீரை 1000 பிபிஎம் உள்ள அறைக்காற்றோடு கலக்கினால் 7.8 பக்கம் வந்துவிடும். ஆல்கலினிட்டியை மாற்றாமல் கரியமில வாயு இரு மடங்காகும்போதெல்லாம் பிஎச் கிட்டத்தட்ட 0.3 இறங்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் பஃபர் பாட்டில் ஏன் தோற்கிறது என்பது புரியும். 1000 பிபிஎம் காற்றுள்ள அறையில், காற்றைத் தொடாமல், ஆல்கலினிட்டியை மட்டும் ஏற்றி 8.1க்குக் கொண்டுபோக வேண்டுமானால் அதைச் சுமார் 15 டிகேஎச்சுக்கு ஏற்றியாக வேண்டும். பாட்டிலை ஊற்றியதும் பிஎச் ஏறும், உண்மைதான். பிறகு அறைக்காற்றிலிருந்து கரியமில வாயு மறுபடி உள்ளே வந்து, மறுநாள் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். மறுபடி ஊற்றுகிறோம். இரண்டு வாரத்தில் பிஎச் இன்னும் 8ஐ ஒட்டித்தான். ஆல்கலினிட்டி 12, 13. ஹீட்டர் மேலும் பம்ப் மேலும் வெள்ளைப் படிவு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாக வைத்திருக்கும் தொட்டிகளில் இவ்வளவு உயர்ந்த ஆல்கலினிட்டி அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் கற்பவளங்களின் நுனியைக் கருக வைப்பதை அனுபவசாலிகள் பலர் சொல்வார்கள்.

காற்றுதான் காரணமா என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு டம்ளர் தொட்டி நீரை எடுத்து பிஎச் அளந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே வைத்து, காற்றுக்கல் போட்டு ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். ஏறியிருந்தால் தொட்டியில் கரியமில வாயு கூடுதலாக இருக்கிறது. அப்புறம் இன்னொரு டம்ளர் எடுத்து இதையே வீட்டுக்குள் செய்யுங்கள். வெளியே மட்டும் ஏறி உள்ளே ஏறாவிட்டால் குற்றவாளி அறைக்காற்று. இரண்டு இடத்திலும் ஏறினால் அறைக்காற்றுகூடப் பரவாயில்லை, தொட்டியில் காற்றோட்டம்தான் போதவில்லை. அப்படியானால் நீர்ப்பரப்பு நன்றாகக் குலுங்கும்படி பம்பைத் திருப்பிவைத்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டிலுமே ஏறாவிட்டால்தான் ஆல்கலினிட்டி குறைவா என்று பார்க்க வேண்டும்.

தீர்வும் அந்த வரிசையிலேயே வரும். முதலில் ஜன்னல். அதற்கு வழியில்லாதவர்கள் நுரையால் கழிவை நீக்கும் ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை நீட்டி வெளியே விடுகிறார்கள். ஸ்கிம்மர் நாள் முழுக்க நுண்குமிழிகளாகக் காற்றைத் தண்ணீரோடு கலக்கும் கருவி என்பதால், அது எந்தக் காற்றை இழுக்கிறது என்பது பெரிய வித்தியாசத்தைத் தரும். பூச்சிமருந்து, பெயின்ட் வாடை வரும் பக்கம் குழாயின் வாய் இருக்கக் கூடாது என்பது மட்டும் கவனம். அடுத்த படி, அந்தக் குழாயில் சோடா லைம் நிரப்பிய டப்பா. அது காற்றில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தீர்ந்துபோனால் நிறம் மாறிக் காட்டும். வேலை செய்கிற உத்திதான், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். ஸ்கிம்மர் கோப்பையிலிருந்து வெளியேறும் காற்றையே திரும்பவும் அந்த டப்பாவுக்குள் அனுப்பினால் கொஞ்சம் அதிக நாள் தாங்கும். சம்ப்பில் கீட்டோமோர்ஃபா போன்ற பாசியை வளர்த்து, தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவில் அதற்கு மட்டும் விளக்குப் போடுவது இன்னொரு வழி. இரவுச் சரிவை அது பாதியாவது தாங்கிப் பிடிக்கும்.

பூட்டிய வீட்டுக்குள் ஒரு கடல்

மூடிய அறையும் பவளமும் பற்றிப் பேசும்போது பயோஸ்பியர் 2 பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கண்ணாடியும் எஃகும் கொண்டு கட்டிய அந்தக் கட்டடத்துக்குள் மழைக்காடு, வயல், பவளத்திட்டோடு ஒரு சிறு கடல் எல்லாம் இருந்தன. 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டு இரண்டு வருடம் வாழ்ந்தார்கள். வளமான மண்ணில் நுண்ணுயிர்கள் சுவாசித்துத் தள்ளிய கரியமில வாயு வெளியே போக வழியில்லை. பகல் குறுகிய குளிர்காலத்தில் அதன் அளவு வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு ஏறியது. கடலின் பிஎச் இறங்க ஆரம்பித்தது. அவர்கள் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் போட்டுத்தான் அதைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. நம் ஏசி அறைப் பிரச்சினையேதான், அளவு மட்டும் பெரிது.

இன்னொரு விசித்திரமும் நடந்தது. உள்ளே ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5 அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் அந்த ஆக்சிஜனுக்கு ஈடாக வந்திருக்க வேண்டிய கரியமில வாயு கணக்கில் இடித்தது. கடைசியில் கண்டுபிடித்தார்கள்: சுவரின் கான்கிரீட் அதைக் குடித்திருக்கிறது. கான்கிரீட்டில் இருந்த கால்சியம் ஹைட்ராக்சைடு, கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மாறியிருந்தது. கால்சியம் ஹைட்ராக்சைடு என்றால் நீற்றிய சுண்ணாம்பு. பவளம் வளர்ப்பவர்கள் கால்க்வாசர் என்ற ஜெர்மன் பெயரில் தொட்டிக்குச் சொட்டவிடுவதும் அதே பொருளைத்தான்.

பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கையில் அந்த இடம் இருந்தபோது, கடல் ஆய்வாளர் கிறிஸ் லாங்டனும் உடன் இருந்தவர்களும் அதே கடலில் நீரின் கார்பனேட் அளவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். 2000இல் வெளியான முடிவு: பவளம் எலும்பு கட்டும் சுண்ணாம்பு வடிவமான அரகோனைட்டால் நீர் எந்த அளவுக்குத் தெவிட்டியிருக்கிறதோ, அந்த அளவுக்கு ஏற்றபடி பவளத்திட்டு சுண்ணாம்பு கட்டும் வேகமும் கூடிக் குறைகிறது. 2016இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபின் ஒன் ட்ரீ தீவு அருகே, இயற்கைத் திட்டின் மேல் ஓடிய நீரில் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து ஆல்கலினிட்டியை ஏற்றிய ஆய்வில், சுண்ணாம்பு கட்டுவது சுமார் 7 சதவீதம் கூடியது.

அப்படியென்றால் பிஎச் முக்கியம்தானே? முக்கியம்தான். கற்பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவமான அரகோனைட்டால் கட்டுகிறது. கட்டும் இடம் திசுவுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள மிக மெல்லிய இடைவெளி. அங்கே சுண்ணாம்பு படியப் படிய ஹைட்ரஜன் அயனி மிஞ்சும். அதைப் பவளம் சக்தி செலவழித்து வெளியே தள்ளியாக வேண்டும். வெளிநீரின் பிஎச் குறைவாக இருந்தால் தள்ளுவது கடினம், கட்டுவது மெதுவாகும். 8.3இல் ஓடும் தொட்டியில் கற்பவளம் 7.8இல் ஓடும் தொட்டியைவிட வேகமாக வளர்வதற்கு இதுவே காரணம். ஆனால் மெதுவாக வளர்வது வேறு, சாவது வேறு. 7.8 என்ற எண்ணைப் பார்த்துப் பதறி ஒரே நாளில் ஆல்கலினிட்டியை 3 டிகேஎச் ஏற்றுகிறவர்தான் பவளத்தை இழக்கிறார்.

ஆல்கலினிட்டியும் கால்சியமும் ஒரே செலவு

எலும்பு கட்டும்போது ஒரு கால்சியத்துக்கு ஒரு கார்பனேட் என்ற விகிதத்தில் செலவாகிறது. இதை டெஸ்ட் கிட்டின் எண்களுக்கு மாற்றினால்: ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் குறையும்போது கால்சியம் லிட்டருக்கு சுமார் 20 மில்லிகிராம் குறையும். எலும்புக்குள் கொஞ்சம் மக்னீசியமும் நுழைவதால் 18 என்றும் சொல்லலாம்.

இப்போது கையிருப்பைப் பாருங்கள். கடல்நீரில் கால்சியம் லிட்டருக்கு 410, 420 மில்லிகிராம். 20 போனால் 5 சதவீதம். டெஸ்ட் கிட்டின் தவறு எல்லைக்குள்ளேயே அது மறைந்துபோகும். ஆல்கலினிட்டியில் 7க்கு 2.8 போனால் 40 சதவீதம். அதே செலவுதான், ஆனால் ஒரு பக்கம் கண்ணுக்கே தெரியவில்லை, இன்னொரு பக்கம் பாதி காலி. ஆகவே தினமும் ஒன்றே ஒன்றை அளக்க நேரம் இருந்தால் ஆல்கலினிட்டியை அளக்க வேண்டும், பிஎச்சை அல்ல. கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

மக்னீசியம் மூன்றாவது ஆள். லிட்டருக்கு 1280 முதல் 1350 மில்லிகிராம் இருந்தால் அதை மறந்துவிடலாம். கடல்நீர் அரகோனைட் அளவில் எப்போதுமே மிகையாகத் தெவிட்டி நிற்கிறது, மூன்று நான்கு மடங்கு. அப்படியிருந்தும் சுண்ணாம்பு தானாகப் படிந்து கொட்டாமல் இருக்க முக்கியமான காரணம் மக்னீசியம். முளைவிடும் சுண்ணாம்புப் படிகத்தின் மேல் போய் ஒட்டி, அதை மேலே வளரவிடாமல் தடுக்கிறது. மக்னீசியம் மிகக் குறைந்த தொட்டியில் ஆல்கலினிட்டியும் கால்சியமும் எவ்வளவு ஊற்றினாலும் ஏறாமல் அடம்பிடிக்கும். ஊற்றியதெல்லாம் ஹீட்டரிலும் பம்பின் இம்பெல்லரிலும் போய்ப் படியும். சூடான இடத்தில் சுண்ணாம்பின் கரைதிறன் இன்னும் குறைவு என்பதால் அங்கேதான் முதலில் படியும்.

இந்த மிகைத்தெவிட்டு நிலை இன்னொரு நம்பிக்கையையும் உடைக்கிறது. தொட்டியின் அடியில் அரகோனைட் மணல் போட்டால் அது கரைந்து பிஎச்சை 8.2இல் நிறுத்தும் என்று பைகளில் எழுதியிருப்பார்கள். ஏற்கெனவே தெவிட்டிய நீரில் அது எப்படிக் கரையும்? மணலின் ஆழத்தில், பாக்டீரியா சுவாசத்தால் பிஎச் மிகத் தாழ்ந்த இடங்களில் ஏதோ கொஞ்சம் கரையலாம். தொட்டியின் பிஎச்சை அது தாங்காது. மணல் பார்க்க அழகு, மணலில் புதையும் மீன்களுக்கு அவசியம், அவ்வளவே.

ஊற்றும் முறையும் அதன் திசையும்

மென்பவளம் மட்டும் உள்ள சிறு தொட்டிக்கு இந்தப் பகுதியே தேவையில்லை. வாராவாரம் நீர் மாற்றினாலே செலவு ஈடாகிவிடும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: உப்புப் பைகளில் சில 7 டிகேஎச் தருபவை, சில 11, 12 வரை தருபவை. தொட்டி 7.5இல் இருக்கும்போது 12 தரும் உப்பால் பாதி நீரை மாற்றினால் அது நீர் மாற்றம் அல்ல, அதிர்ச்சி.

கற்பவளம் வளர வளர நீர் மாற்றம் போதாது. அப்போது வழிகள் பல. ஒவ்வொன்றும் ஆல்கலினிட்டியை ஏற்றுவதில் ஒன்றுதான், பிஎச்சை இழுக்கும் திசையில் வேறு வேறு. பலர் கவனிக்காத இடம் இது.

சுண்ணாம்பு நீர் பிஎச்சை ஏற்றும். ஒரு லிட்டர் தூய நீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் நீற்றிய சுண்ணாம்பு கரையும். தெளிந்த அந்த நீரின் பிஎச் 12.4 அளவில் இருக்கும். தொட்டிக்குள் போனதும் அதன் ஹைட்ராக்சைடு கரைந்திருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து பைகார்பனேட்டாக்கிவிடும். கரியமில வாயு குறைகிறது, ஆல்கலினிட்டி ஏறுகிறது, கால்சியமும் சரியான விகிதத்தில் கூடவே வருகிறது. ஒரே கல்லில் மூன்று மாங்காய். குறை என்னவென்றால் ஆவியாகும் நீருக்கு ஈடாக மட்டுமே ஊற்ற முடியும். தெவிட்டிய சுண்ணாம்பு நீர் லிட்டருக்கு சுமார் 115 டிகேஎச் சக்தி உள்ளது. 200 லிட்டர் தொட்டியில் தினம் 3 லிட்டர் ஆவியானால் அதிகபட்சம் ஒரு நாளைக்கு 1.7 டிகேஎச் கொடுக்கலாம். கற்பவளம் நிறைந்த தொட்டிக்கு அது போதாமல் போகலாம். இன்னொன்று, இது மெதுவாக, முடிந்தால் இரவில், சொட்டுச் சொட்டாகப் போக வேண்டியது. ஆவியான அளவுக்கு நீரைத் திறந்துவிடும் மிதவை சுவிட்ச் சிக்கிக்கொண்டு மொத்தக் கொள்கலனும் ஒரே மூச்சில் இறங்கினால் பிஎச் 9ஐத் தாண்டிவிடும், தொட்டி பால் போல வெளுக்கும். கால்க்வாசர் ஓடும் தொட்டியில் சுவிட்ச் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

இரு கரைசல் முறையில் ஒரு புட்டியில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் சோடா. சோடாவில்தான் விஷயம் இருக்கிறது. சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், 100 லிட்டர் நீரில் 3 கிராம் கரைத்தால் ஆல்கலினிட்டி ஏறக்குறைய 1 டிகேஎச் ஏறும். ஆனால் ஊற்றிய உடனே பிஎச் சற்று இறங்கும். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். கடல்நீரில் பைகார்பனேட் தனியாக நாடுகிற பிஎச் 8.2ஐவிடக் கீழே என்பதுதான் காரணம். சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட், 1.9 கிராமிலேயே அதே 1 டிகேஎச் தரும், பிஎச்சையும் மேலே இழுக்கும். காலையில் 7.8 பார்ப்பவர் சமையல் சோடாவிலிருந்து கார்பனேட்டுக்கு மாறினால், ஆல்கலினிட்டியில் கை வைக்காமலே கொஞ்சம் பிஎச் கிடைக்கும். 8.4ஐத் தாண்டுகிற தொட்டிக்கு மறுபடி பைகார்பனேட். சலவைக்கென்று விற்பதில் வாசனையும் வேறு சேர்மானங்களும் இருக்கும், தூய சோடியம் கார்பனேட் என்று தெரிந்தால் மட்டுமே வாங்க வேண்டும். இரண்டு புட்டிகளையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றக் கூடாது. இரண்டும் தொட்டிக்குள் சந்திக்கும் இடத்திலேயே வெள்ளைப் பொடியாகிவிடும்.

கால்சியம் ரியாக்டர் எதிர்த்திசை. பழைய பவளத் துண்டுகள் நிரப்பிய குழாய்க்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, உள்ளே பிஎச்சை 6.5 பக்கம் இறக்கி, துண்டுகளைக் கரைத்து அந்த நீரைத் தொட்டிக்கு விடுகிறோம். விகிதம் பிசகாமல் வரும், பெரிய தொட்டிக்கு மிக வசதி. ஆனால் கூடவே மிஞ்சிய கரியமில வாயுவும் வருகிறது. பிஎச் எப்போதும் ஒரு படி கீழேதான் ஓடும். காற்று மோசமான வீட்டில் ரியாக்டர் வைப்பவர்கள் பக்கத்திலேயே கால்க்வாசரும் ஓட்டுவது அதனால்தான். சிறு தொட்டிக்கு இந்தச் சிக்கலும் சிலிண்டரும் தேவையில்லை என்பேன்.

எந்த வழியானாலும் ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. 7.5ஆ 9ஆ என்ற விவாதத்தைவிட, இன்று இருப்பது நாளையும் இருக்கிறதா என்பது பவளத்துக்கு முக்கியம்.

சத்தமில்லாமல் ஆல்கலினிட்டியைத் தின்பவை

பவளமே வளராத புதுத் தொட்டியிலும் ஆல்கலினிட்டி இறங்கும். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை ஏறிய தொட்டி அந்த வழியில் மட்டும் சுமார் 2.3 டிகேஎச்சை இழந்திருக்கும். பாசியோ பாக்டீரியாவோ அந்த நைட்ரேட்டை மறுபடி தின்றால் இழந்தது திரும்பிவரும். அம்மோனியா பற்றிச் சொல்லும்போது இன்னொன்று: பிஎச் ஏற ஏற அது நச்சு வடிவத்துக்கு மாறும், 0.3 ஏறினால் நச்சுப் பங்கு ஏறக்குறைய இரு மடங்கு. தொட்டி பக்குவப்படும் வாரங்களில் பிஎச்சை ஏற்ற முயல்வது மீனுக்கு எதிராக வேலை செய்வதாகும்.

உப்பளவு தவறினால் மேலே சொன்ன எல்லா எண்களும் தவறும். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது 25 டிகிரியில் அடர்த்தி எண் 1.026 என்ற கணக்கில்தான் கால்சியம் 420 என்கிறோம். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் பிசகி, உண்மையில் 30 பிபிடியில் ஓடும் தொட்டியில் கால்சியம் 360 காட்டுவது குறைபாடே அல்ல, நீர்த்துப்போன கடல். ரிஃப்ராக்டோமீட்டரைத் தூய நீரால் மட்டும் சரிபார்க்காமல் 35 பிபிடி திரவத்தால் சரிபார்க்க வேண்டும். ஆவியானதற்கு ஈடாக வடிகட்டிச் சுத்திகரித்த, உப்பில்லாத ஆர்ஓ-டிஐ நீர் மட்டும். உப்பு ஆவியாவதில்லை.

பிஎச் அளக்கும் மின்முனை சில மாதங்களில் நகர்ந்துவிடும். 7, 10 ஆகிய இரண்டு திரவங்களில் அவ்வப்போது சரிபார்க்காத மானிட்டர் காட்டும் இரண்டாவது தசமத்தை நம்பிக் கவலைப்படுவது வீண். கரைசல்களை அளந்து ஊற்றும் டோசிங் குழாய் சொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மின்முனையை வைத்தாலும் பொய் எண்தான் வரும். ஆல்கலினிட்டியைத் தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். காலையில் ஒரு நாள், இரவில் மறுநாள் என்று அளந்தால் பவளத்தின் செலவு எது, நேர வித்தியாசம் எது என்று பிரிக்க முடியாது.

இப்படி ஒரே நேரத்தில் அளந்து எழுதிவந்தால், ஒரு நாளில் தொட்டி எத்தனை டிகேஎச் தின்கிறது என்ற எண் கிடைக்கும். பவளங்கள் பெருக்கப் பெருக்க அது மெல்ல ஏறும், டோசிங்கையும் அதோடு ஏற்றிக்கொண்டு போகலாம். டோசிங்கை மாற்றாமலே ஆல்கலினிட்டி ஏறத் தொடங்கினால்தான் கவனிக்க வேண்டும். பவளம் கட்டுவதை நிறுத்தியிருக்கிறது என்று அதற்குப் பொருள். நிறம் வெளிறுவதற்கும் திசு உரிவதற்கும் முன்பே இது தெரிந்துவிடும். அப்போது டோசிங்கைக் குறைத்துக்கொண்டு, முதலில் வெப்பநிலையையும் உப்பளவையும் பார்க்க வேண்டும், பிறகு பாஸ்பேட் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று.